நாலாவது துண்டு

அட்டை இல்லை. முதல் பதினோரு பக்கமும் இல்லை.
எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது.
பனி கொட்டும் ஏதோ ஒரு தேசம்,
குதிரை வண்டி, கடன், ஒரு விதவை,
வாய்க்குள் அடங்காத பெயர்கள்.

தலவாக்கலை பழைய பேப்பர்க் கடையில்
கிலோக் கணக்கில் போகவிருந்ததை
சவரிமுத்து முந்நூறு ரூபாய்க்குத் தூக்கிவந்தான்.
யார் முதலில் என்று சண்டை.
நிஸ்மியா தன் கடையில், போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து
பாண் வெட்டுகிறமாதிரி நாலாக வெட்டினாள்.
தனக்கு வேண்டாமாம்.
"நீங்க பேசுறதுலயே நான் வாசிச்சிருவேன்."

சீட்டுக் குலுக்கினோம்.
முதல் துண்டு ஆட்டோவுக்குப் போயிற்று.
எனக்கு இரண்டாவது,
தபால் கந்தோரில் பென்ஷன் நாள் தவிர மற்ற நாட்களில்.
மூன்றாவதை யோகமலர்
பிள்ளைக்காம்பராவில் தொட்டில்கள் அடங்குகிற
ஒன்றரை மணிநேரத்தில் வாசித்தாள்.
கடைசித் துண்டு ஜெகதாவுக்கு.

ஞாயிறு நாலு மணி. "எது வரைக்கும்?"
முன்பின் தெரியாத ஒருவன்
முன்பின் தெரியாத ஒரு கதவில் சாய்ந்து அழுகிறான்,
என் நாவல் அப்படித்தான் தொடங்கியது.
ஏன் அழுகிறான் என்று சவரிமுத்து சொல்ல
இரண்டு வாரம் ஆயிற்று; ஹயர் அதிகம்.
அவனுக்கோ அந்தக் கேப்டன் மேல் உயிர்.
"மனுசன்னா அவன்தான் மனுசன்" என்பான்.
யோகமலர் தேத்தண்ணியை ஆற்றினாள்,
ஆறிப்போனதையும் ஆற்றினாள்.
கேப்டன் சாகப்போகிறான் என்று
அன்றைக்கே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஜெகதா மெதுவாக வாசிப்பவள்.
"ஒரு பொம்பளை கையுறைய அடுப்புல போடுறா,
ஒத்தக் கையுறை. ஏன்?"
மூன்று துண்டையும் நான்கு பேர் புரட்டினோம்.
என்னுடையதில் இருந்தது, முந்நூற்றுப் பன்னிரண்டில்,
நான் கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு வரி.

துண்டு மாற்றிக்கொள்ளும் முன்னால்
ஜெகதாவுக்குக் குவைத் விசா வந்தது.
கட்டுநாயக்காவில் பெட்டி இரண்டு கிலோ கூட.
மாசியை எடுத்தாள். மிளகாய்த்தூளை எடுத்தாள்.
அதை எடுக்கவில்லை.

வெள்ளி இரவுகளில் வாட்ஸ்அப்பில் அவள் குரல் வரும்,
மேடம் விழிக்காத சுருதியில்,
பின்னால் ஃபிரிட்ஜ் இரைச்சலோடு, ஒன்றரைப் பக்கம்.
படம் பிடித்து அனுப்பேன் என்றோம்.
"வாசிச்சாத்தான் இங்க எனக்குத் தமிழ் பேசுனமாதிரி."

ஐந்தாவது மாதம் என்று நினைக்கிறேன்.
விதவை ஆற்றுக்கு இறங்குகிறாள்.
ஆற்றுக்கு மேலே பாலம், பாலத்தில் ரயில்,
மழை, அதுவும் சாரல்.
காலில் அட்டை கடிக்கிறது.

சவரிமுத்து திரும்பவும் போட்டுக் கேட்டான்.
"பனியில ஏது அட்டை?"

யாரும் பதில் சொல்லவில்லை.
துண்டு அங்கே என்ன ஆனதோ,
மேடம் பறித்தாளோ, குப்பையோடு போயிற்றோ,
அதை எப்படி ஒருத்தியிடம் கேட்பது?
வெளியே ஹட்டன் பஸ் ஒன்று
பின்னுக்கு எடுக்க முடியாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.
நிஸ்மியா போனை வாங்கினாள்.
"பிறகு?" என்று மட்டும் தட்டி அனுப்பினாள்.

கொஞ்சம் பொறுத்து சவரிமுத்து,
போனை வாய்க்கருகில் பிடித்து, கோபமாகவே கேட்டான்:
"காலுக்குச் சவர்க்காரம் பூசாமலா இறங்கினா அந்தம்மா?"

அடுத்த வெள்ளி பதில் வந்தது.
பூசித்தான் இருந்தாளாம். மழையில் கழுவிப்போயிற்றாம்.

எண்ணூற்றி நாற்பத்திரண்டில் முடிகிற புத்தகம்,
கடைசிப் பக்கத்தை நானே பார்த்திருக்கிறேன்.
என் கணக்கில் இப்போது தொள்ளாயிரம் தாண்டிவிட்டது.
அவள் ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம்.
நேற்றுக் கேப்டனின் தம்பி என்று ஒருவன் வந்திருக்கிறான்.
அவனை நம்பலாமா என்று
இந்த ஞாயிறு பேசவேண்டும்.