சப்டைட்டில்

பாடப்புத்தகத்தில் அது நான்கு வரி.
யூத இனப்படுகொலை: சிறுகுறிப்பு வரைக. இரண்டு மதிப்பெண்.
நான் கொண்டுபோனது நாற்பத்தொரு நிமிடம்.
இலோனா என்றொரு பெண், வயது எண்பத்தாறு,
சாம்பல் நிற ஸ்வெட்டர்.
காமிராவைப் பார்க்காமல்
அதற்குப் பின்னால் நிற்கும் யாரிடமோ பேசுகிறாள்.

பள்ளத்தூரில் எங்கள் பள்ளி
ஒரு செட்டியார் வீட்டின் பின்கட்டு.
திரை வாங்கப் பணமில்லை, தேவையுமில்லை.
முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய சுவர்,
கன்னம் வைத்தால் ஜில்லென்றிருக்கும்.
அதில் விழுந்தாள் இலோனா.

கீழே ஓடிய தமிழ் என்னுடையது.
பன்னிரண்டு இரவு வேலை.
உருளைக்கிழங்குத் தோலுக்குத் தமிழ் இருந்தது,
தங்கையின் ஒற்றைச் செருப்புக்கும் இருந்தது.
வதைமுகாம் என்று எழுதினேன்.
நீளம், வரிக்குள் அடங்கவில்லை.
அடுத்த முறை முகாம் என்று மட்டும்.
பிறகு எல்லா இடத்திலும் முகாம்.

மூன்றாவது பெஞ்சில் டிலக்சனா.
டி.சி.யில், பஸ் பாஸில், என் வருகைப் பதிவேட்டில்
அவள் முகவரியின் முதல் சொல்லே அதுதான்.
எனக்கு உறைத்தது
சொல் சுவரில் ஏறிய பிறகு.

முதல் பத்து நிமிடம் பின்வரிசையில் சிரிப்பு,
அந்த மொழி காதுக்கு வேடிக்கை போல.
நான் அதட்டவில்லை.
செருப்பு வந்ததும் தானே நின்றது.
அப்புறம் இலோனா பேசவில்லை, பதினோரு விநாடி.
கீழே எழுத எதுவுமில்லாத பதினோரு விநாடி.
தெருவில் ஐஸ் வண்டி மணி.
ஒரு தலையும் திரும்பவில்லை.

விளக்கைப் போட்டேன்.
வயிரவன் கேட்டான்:
"அழவே இல்லையே டீச்சர், நெஜமாத்தானா?"
நாச்சம்மை கேட்டாள்:
"பக்கத்து வீட்டுக்காரங்க என்ன செஞ்சாங்க?"
முதல் கேள்விக்கு ஏதோ சொன்னேன்.
இரண்டாவதற்குத் தண்ணீர் குடித்தேன்.

மணி அடித்தது. டிலக்சனா மேசைக்கு வந்தாள்.
நான் ஒரு மன்னிப்பை மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன்.
"எங்க முகாம் அது மாதிரி இல்ல டீச்சர்.
நாங்க கோழி வளக்கிறோம்.
வந்து ஆள் எண்ணுவாங்க, அவ்ளோதான்."
என்னைத் தேற்றுகிற குரல்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டாள்:
"சண்டை முடிஞ்சு சொந்த வீட்டுக்குப் போய்
கதவைத் தட்டினாங்கல்ல,
உள்ள இருந்த பொம்பள
யாரு வேணும்னு கேட்டதா போட்டிருந்துச்சே,
அப்படியேதான் கேட்டாளா?"

அப்படியேதான் என்றேன்.

இரவு கோப்பைத் திறந்தேன்.
முப்பத்தெட்டாவது நிமிடம்.
ஆங்கிலத்தில் இருந்தது ஒரே சொல்,
கேள்விக்குறி போட்ட ஓர் 'என்ன?'
அந்த வாசலில்
அந்த வீட்டுக்காரியைப் பார்த்து
யாரு வேணும் என்று கேட்டது
நான்.

திங்கட்கிழமை முதல் பீரியட் அவள் வகுப்புதான்.