உறைபனி விழாத இடம்

சர்க்கரைக் கிழங்கு இறக்கும் வேலை
இரவு எட்டுக்கு ஏறினால் காலை எட்டுக்குத்தான் இறக்கம்.
அன்று நாலரைக்கே போகச் சொன்னார்கள்.
கிழங்கு உறைந்துவிட்டதாம்,
உறைந்ததைக் குவித்தால் குவியலே அழுகுமாம்.
மூன்றரை மணிக் கூலியை
வடக்கு டகோட்டாவின் குளிருக்குக் கொடுத்துவிட்டு
நெற்றி விளக்கோடு நடந்து வந்தேன்.

முப்பத்தோரு வண்டிவீடுகளும் வெளுத்துக் கிடந்தன.
கூரை, கேஸ் சிலிண்டர், யாரோ மறந்த ஒற்றைக் கையுறை,
மின்பெட்டியிலிருந்து வண்டிக்கு ஓடும் கேபிள்கள்,
எல்லாம் வெள்ளை.
எமில் திபோடோவின் படிக்கட்டுக்கு அடியில் மட்டும்
ஒரு தட்டு அகலத்துக்கு
ஈரமாய், கறுப்பாய்ப் புல் தெரிந்தது.

கயிற்றைப் பாம்பென்று அலறியவர்கள் உண்டு.
இங்கே சுருண்டு படுத்திருந்ததை
ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
லூசியானாக்காரர், குளிரே தெரியாது,
வந்த மூன்றாம் நாள் இரண்டு ஹீட்டர் வாங்கினார்.
கூடவே, புல்வெட்டும் மெஷினுக்கென்று விற்கிற
மெல்லிய ஆரஞ்சு ஒயர், ஐம்பது அடி.
தேவைப்பட்டதோ எட்டடி.
மிச்சத்தை வளையம் வளையமாய்ச் சுருட்டி
டேப் ஒட்டிப் படியடியில் செருகியிருந்தார்.
ஒழுங்கான மனிதர்.
அந்த ஒழுங்குதான் வெந்துகொண்டிருந்தது.

கையுறையைக் கழற்றிப் புறங்கையைக் கிட்டே கொண்டுபோனேன்.
தொடவே வேண்டியிருக்கவில்லை.
காற்றில் மீன் வாடை,
கடல் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்க.

முதலில் ப்ரேக்கர்.
டக்கென்று ஒரு சத்தம், பிறகு
இத்தனை நாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றே தெரியாத
ஓர் இரைச்சல் நின்றது.

போர்வையோடு வெறுங்காலில் வந்து கத்தினார்:
எவள் என் கரண்டைப் பிடுங்கியது?
நான்தான் என்று பிளக்கை இழுத்தேன். வரவில்லை.
பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.
ஆட்டி ஆட்டி எடுத்தபோது
ஒரு கால் கருகி, பக்கத்துப் பிளாஸ்டிக்
பாகாய் வழிந்து இறுகியிருந்தது.

விளக்கடியில் வெகுநேரம் பார்த்தார்.
"கனவில் யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள்" என்றார்.
"சாப்பிடக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்."

விடியும்வரை என் வண்டியில்
ஒரே ஹீட்டருக்கு இருவர்.
அவர் காலுறை காய்ந்தது. பேச்சு அதிகமில்லை.
எனக்கென்ன தகுதி பேச?
போன வருடம் அமரில்லோவில்
சொந்தக் கேபிள் மேலேயே டயரை ஏற்றி நிறுத்தி
ஒரு மாதம் நிம்மதியாய்த் தூங்கியவள் நான்.

சீசன் முடிந்த காலை. ப்ரேக்கரை அணைத்து,
பிளக்கைப் பிடித்து உருவினேன், வடத்தைப் பிடித்தல்ல.
குளிரில் அது இரும்புக் குழாயாய் விறைத்திருந்தது.
வளைத்தால் தோல் வெடிக்கும்.
வாரி எடுத்து உள்ளே தரையில் கிடத்தி,
நான் காபி குடித்து முடிக்கும்வரை
அதுவும் இளகட்டும் என்று விட்டேன்.
பிறகு ஈரத்துணியால் அடி அடியாய்த் துடைத்து
வெட்டு ஏதும் உண்டா என்று விரலால் தேடி,
காயவைத்து,
பெரிய வளையங்களாய்க் கொக்கியில் மாட்டினேன்,
முனை கீழ் பார்க்க.

கிளம்பும்போது எமிலின் வண்டியைக் கடந்தேன்.
புதுக் கேபிள், கட்டைவிரல் தடிமன்,
சுருட்டாமல், மறைக்காமல்,
குடித்தவன் நடந்த பாதைபோல்
புல்லில் கோணல்மாணலாய்க் கிடந்தது.
அதன் முழு நீளத்துக்கும்
உறைபனி.