வரிசை எண் 612

புழலில் இது பதினான்காவது மாதம்.
வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது.
ஜாமீன் கிடைத்து ஏழு மாதமாகிறது,
காகிதத்தில்.
இரண்டு பேர் கையெழுத்து வேண்டும்,
ஒருவர் ரத்த சொந்தமாக.
தம்பி குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
மற்ற ரத்தம் மகள். ஒன்பது வயது.

மனு பார்க்க வந்த அஞ்சுகம்
கண்ணாடியில் ஒரு சீட்டை அழுத்திப் பிடித்தாள்.
பூத் சிலிப்.
பாகம் 143, வரிசை 612,
முனிரத்தினம், ஆண், 38.
வியாசர்பாடி மாநகராட்சிப் பள்ளி,
வடக்குப் பார்த்த மூன்றாவது அறை.
"நம்ம மோனிஷா கிளாஸ்தான்.
வீட்டாண்ட வந்து குடுத்தாங்க. வேணாம்னு சொல்லணுமா?"
ரிசீவரில் ஒரே இரைச்சல்.
வைத்திரு என்றேன்.

பக்கத்து செல் ஜெபக்குமார் குண்டாஸ்.
அவனுக்குத் தபால் ஓட்டு உண்டு.
இனிமேல் செய்வான் என்று பிடித்து வைத்தவன் போடலாம்,
முன்னாடி செய்தானா என்று
விசாரித்துக்கொண்டே இருக்கப்படுகிறவன் போடக் கூடாது.
உள்ளே இருந்தபடி தேர்தலில் நிற்கலாமாம்.
ஜெயிக்கக்கூடச் செய்யலாம்.
தனக்கு ஒரு ஓட்டுப் போட்டுக்கொள்ள மட்டும் முடியாது.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
பூமிநாதன் சார் லத்தியால் கம்பியைத் தட்டினார்.

உறை வந்த அன்று ஜெபக்குமார் கேட்டான்:
"நீ சொல்லுண்ணே, யாருக்குப் போடட்டும்?"
எங்கள் தெருக்குழாயில் சாக்கடை வாடை வருகிறதென்று
மூன்று வருஷமாய் எழுதிக் கொடுத்தவன் நான்.
அவன் தொகுதி திருவொற்றியூர்.
என் குழாய் அதில் இல்லை.
"உன்னுது, நீயே போடு."
அவன் குத்தி முடித்த பிறகு
அந்தப் பேனாவை வாங்கிக்
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

ஓட்டு நாளில் மனு கிடையாது.
சாம்பாரில் கத்தரிக்காய்.
வார்டர்கள் மாற்றி மாற்றிப் போய்
விரலில் மையோடு வந்தார்கள்.
பூமிநாதன் சார் அந்தக் கையாலேயே எங்களை எண்ணினார்,
விடிந்ததும், உச்சியில், பூட்டுமுன், பூட்டிய பின்னும் ஒருமுறை.
ஒரு தலை குறைந்தால் மணி அடித்துவிடுவார்கள்.
வெளியில் இருந்தபோது
இவ்வளவு அக்கறையாய் என்னை யாரும் எண்ணியதில்லை.

உள்ளே எடுத்த அன்று
எனக்கும் மை வைத்தார்கள், பத்து விரலிலும்.
உப்புப் போட்டுத் தேய்த்தும் இரண்டு நாள் போகவில்லை.

அடுத்த மனுவில் அஞ்சுகம் சொன்னாள்:
பள்ளிக்கூடத்தில் பெஞ்சை இன்னும் திருப்பிப் போடவில்லை.
கட்சிக்காரர்கள் விட்டுப்போன பட்டியலை
மோனிஷா பொறுக்கி வந்திருக்கிறாள்.
611, எதிர்வீட்டு சகாயமேரி, டிக்.
613, அஞ்சுகம், டிக்.
நடுவில் அப்பா பேர் சும்மா கிடந்ததாம்.
"ஆப்சென்ட்னு நெனச்சிக்கிச்சு போல.
பென்சிலால அதுவே ஒரு டிக் போட்டு வச்சிருக்குது.
அழிச்சிடச் சொல்லவா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
நேரம் முடிந்தது,
லைன் கட்டாகிவிட்டது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவள் இன்னும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.