ஒற்றைக் காது ஹெல்மெட்

ஒன்பதாவது ஆள் வரவில்லை.
பம்ப் ஹவுஸ் ஒகாடாவுக்குக் காய்ச்சல்.
வெள்ளிக்கிழமை ஓவர்டைமில்
வேலியோரம் தண்ணீர்க் கேன் இறக்கிக்கொண்டிருந்த என்னை
‘கிரிக்கெட் ஆடுவாய்தானே’ என்று கூப்பிட்டார்கள்.

ஆடுவேன்.
டேப் சுற்றிய பந்தில், கேம்புக்குப் பின்னால்
கான்கிரீட் துண்டின்மேல் ஆறு வருஷம்.

ஜுபைலில் காலை ஏழுக்கே முப்பத்தெட்டு டிகிரி.
புல் கிடையாது.
உப்பேறிய மண்ணை ரோலர் விட்டு அமுக்கி
சுண்ணாம்பில் ஒரு சாய்சதுரம்.
அந்தப் பக்கம்
கடலைக் குடிநீராக்கும் ஆலை
மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது.

கொடுத்த ஹெல்மெட்டுக்கு ஒரே காது.
இன்னொன்று உடைந்துவிட்டதா என்றேன்.
பந்து வருகிற பக்கம் மூடினால் போதுமாம்.
சிரிப்பு வந்தது.
சைட்டில் என் மஞ்சள் ஹெல்மெட்டுக்குக் காதே கிடையாது.
எங்களுக்கு எல்லாம் மேலேயிருந்துதான் வரும்.

கிரிக்கெட்டில் பந்து முதலில் தரையைத் தொடும்.
எழும்புமா, தாழுமா,
தரை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அனுப்பும்.
இங்கே அந்த மரியாதை இல்லை.
நிஷிமுரா காலைத் தூக்கி
கொக்கு மாதிரி ஒரு கணம் நின்றார்.
கையிலிருந்தது பிறகு கையில் இல்லை.

முதல் பந்தை நான் பார்க்கவே இல்லை.
இரண்டாவதுக்கு மட்டையை வீசினேன்,
அது போய்ச் சேர்ந்த பிறகு.
மூன்றாவது
அவர் விரல் வியர்வையில் வழுக்கியது.
பந்துக்கு முன்னால் அது அவர் முகத்தில் தெரிந்தது.

உடம்பு என்னைக் கேட்கவில்லை.
தலையைத் தோளுக்குள் இழுத்து
முதுகைத் திருப்பிக் கொடுத்தது.
விலாவில் விழுந்தது.
லாரியிலிருந்து சிமென்ட் மூட்டை விழுகிற சத்தம்,
எனக்குள்ளிருந்து.

ஒரு சாண் மேலே வந்திருந்தால் பிடரி.
ஹெல்மெட் விளிம்புக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே
எதுவும் மூடாத இடம்.

மண்டி போட்டவன் எழுந்ததும்
‘நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்’ என்றேன்.
அடிபட்டால் முதலில் சொல்லவேண்டியது அதுதான்,
பதினோரு வருஷப் பழக்கம்.

மூன்றாம் தட்டிலிருந்து நழுவிய ஸ்பானர்
தில்பகதூரின் தோளை உடைத்த அன்று
படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் எழுதியிருந்தார்கள்:
பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவு.
பன்னிரண்டாம் நாள் காத்மாண்டுவுக்கு டிக்கெட்.
அவன் இடது கையால் பெட்டியைக் கட்ட,
நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்பயர் ரோடெல் கையை நீட்டினார். ‘போ.’
எங்கே?
‘முதல் பேஸ். அது உன்னுடையது. ஓடவேண்டாம், நடந்தே போ.’

அடிபட்டதற்கா?

குந்தியிருந்த கேட்ச்சர் முகமூடியைத் தூக்கிச் சொன்னான்:
வேண்டுமென்றே வாங்கிக்கொண்டால் தரமாட்டார்கள்.
விலகப் பார்த்தாயா என்று பார்ப்பார்கள்.
நீ பார்த்தாய்.

நான் விலகப் பார்த்ததை
ஒருவர் பார்த்திருக்கிறார்.

பாதி வழியில் திரும்பினேன்.
மேட்டின் மேல் நிஷிமுரா
தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி
இடுப்பு வரை குனிந்து நின்றார்.
எட்டு மாதமாக அவர் வால்வுக்குச் சாரம் கட்டுகிறேன்.
அவருக்கு உச்சியில் வழுக்கை என்று
இன்றைக்குத்தான் தெரியும்.
பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல்
ஒற்றைக் காதைத் தொட்டுக்கொண்டேன்.

முதல் பேஸ் என்பது மண் அடைத்த பை.
ஏறி நின்றேன்.
இரண்டாவதைத் திருடு, திருடு என்று
பெஞ்சிலிருந்து கத்தினார்கள்.
கிடைத்ததை விட்டுக் காலை எடுக்க
மனசு வரவில்லை.
அடுத்தவர் அவுட். ஆட்டம் மாறியது.
நான் நின்ற இடம் கணக்கில் ஒன்றுமில்லை.

ராத்திரி பங்க் பெட்டில் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன்.
கருநீலத்தில்
பந்தின் தையல்கூடப் பதிந்திருந்தது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு டூல்பாக்ஸ் மீட்டிங்.
யாருக்காவது அடி, காயம், உடம்புக்கு முடியவில்லையா
என்று ஃபோர்மேன் கேட்டார்.
வரிசையில்
மூச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டு
நிமிர்ந்து நின்றேன்.