ஏணிக்கூலி

லீட்ரிம் சாலையில் லோர்க்கனுக்கு
இரு தரப்பிலும் கூலி.
காலையில் ‘ஆம்’,
சாப்பாட்டுக்குப் பிறகு ‘இல்லை’;
ஒரே ஏணி.

‘ஆம்’ வென்றால் பால் விலை விழும் என்றார்கள்,
தோற்றாலும் விழுமாம்.
செத்துப்போன அப்பா
எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதுகூட
ஒரு துண்டறிக்கைக்குத் தெரிந்திருந்தது.

வாக்குச்சீட்டில் கேட்டது ஒன்றரை வரி.
அதைக் கட்டச்சொல்லி
யாரும் காசு தரவில்லை.

எண்ணி முடிந்தது.
ஏழு நாளில் இறக்காவிட்டால் அபராதம்.
இறக்கியதைக் கோழிக்கூண்டுக்குக் கூரை போட்டான்,
எழுத்து உள்பக்கமாக.
மழை ஒழுகவில்லை.

முட்டை எடுக்கக் குனிந்து நுழைந்தவன் அண்ணாந்தான்:
‘ஏமாறாதீர்’ பலகையின்
முதலெழுத்தை மூடிக் கிடந்தது ‘ஆம்’.

ஆம், மாறாதீர்.

வாய்விட்டுப் படித்துப் பார்த்தான்.
ஒரு பெட்டைக்கோழி தலையைச் சாய்த்து,
தீர யோசித்து,
அவன் விரலைக் கொத்தியது.