மிஞ்சிய வாஷர்

வில்லாபுரம் ஹவுசிங் போர்டு,
மாடிப்படிக்குக் கீழே ஸ்ப்ளெண்டர்.
பதினேழாம் நம்பர் ஸ்பேனரை
எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதை
விரல்முட்டித் தோல் உரிந்த பிறகே தெரிந்துகொண்டேன்.

"மெக்கானிக்கிட்ட விட்டா எரநூறுதான கேப்பான்?"
மாடியிலிருந்து சகாயராணி.
அந்த எரநூறு இல்லை என்று நான் சொல்லவில்லை.

பெயின்ட் டப்பாவுக்குள் எண்ணெய் இறங்கியது,
காளவாசல் சிக்னலில் நின்ற வெயில் அத்தனையும்
கருத்துப்போய்,
நான் கொண்டுசேர்த்த பிரியாணிகளின் சூடு
இன்னும் ஆறாமல்.

புதுசை ஊற்றி உதைத்தேன்.
பிடித்துக்கொண்டது.
சகாயராணி கைகூடத் தட்டினாள்.

பிறகுதான் பார்த்தேன்,
விரித்த செய்தித்தாளில் ஒரு வாஷர்.
நீ எங்கே இருக்க வேண்டியவன் என்று கேட்டேன்.
என்ஜினுக்கு அடியில்
சொட்டு ஒன்று விழுந்து பதில் சொன்னது.

புது எண்ணெயாயிற்றே,
டப்பாவைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
ஸ்பேனர் இப்போது
சரியான பக்கம்தான் திரும்புகிறது.