மூன்று விரற்கடை

வெர்லின் எல்லாவற்றையும் அளந்தான்.
முழங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே எவ்வளவு இடம்,
பியர் டப்பா உட்கார எவ்வளவு ஆழம்,
பெர்னடீனின் முட்டி இடிக்காமலிருக்க
கால்கள் எங்கே நிற்கவேண்டும்.
டுலூத்தில் அந்த ஜனவரி
ஏரி கரையோரம் முழுக்க இறுகிக் கிடந்தது.
இரும்புத் தாதுக் கப்பல்கள் இல்லை, ஊதல் இல்லை.
நிலவறையில் அவன் ரம்பம் மட்டும்.

வளைவு வரைய ஓர் ஆணி, நூல், பென்சில்.
ஆணியைப் பிடித்தவன் நான், அதனால் சொல்கிறேன்:
இடது ஓரம் கொஞ்சம் சப்பை.
அங்கேதான் எனக்குத் தும்மல் வந்தது.

முக்கால் அங்குல ப்ளைவுட்,
பசை, ஃபோம்,
அதன்மேல்
பச்சை எல்லாரும் போடுவது என்று
அவன் தேடி வாங்கிய கருஞ்சிவப்புத் துணி.
"சவப்பெட்டிக்குள்ள விரிக்கிற மாதிரி இருக்கு"
என்றாள் லவான்.
சொல்லிவிட்டு உள்ளங்கையால் தடவினாள்,
இரண்டு முறை.

விளிம்புக்கு, விலைபோகாத மீன்பிடிப் படகின்
இருக்கைத் தோல்.
இழு, அடி. எதிர்ப்பக்கம் இழு, அடி.
ஸ்டேப்ளர் பிடித்த கட்டைவிரல்
ராத்திரி தனியாகத் துடித்ததாம்.
மேலே ஒரு சுருக்கம் கிடையாது.
குனிந்து அடியில் பார்த்தால்
முந்நூறு கம்பிப் பற்கள், கோணல்மாணலாய்.
இருக்கட்டும்.
பொய் சொல்லத்தானே இந்த மேசை.

மார்ச்சில் முடிந்தது.
எட்டடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைய அகலம்.
தூக்கினோம்: நான், வெர்லின், கர்ட்டிஸ்,
பள்ளிப் பேருந்து ஓட்டும் பெர்னடீன்.
ஏழாவது படியில், திருப்பத்தில், நின்றது.
நெட்டுக்குத்தாய் நிமிர்த்தினோம். நின்றது.
மேல்கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தோம்.
மூன்று விரற்கடை.
அவன் அளக்காதது அது ஒன்றுதான்.

கர்ட்டிஸ் சிரிக்காமலிருக்கச்
சுவரைப் பார்த்து இருமினான்.
நாலு வருடமாக அவன் பையைக் காலி செய்வது
இந்த முகத்தை வைத்துத்தான்.

கீழேயே ஆடலாமே என்று யாரும் சொல்லவில்லை.
மேலே சமையலறையில்
சக்கர நாற்காலியில் நார்பர்ட்,
சில்லுகளை நிறம்வாரியாய் அடுக்கிக்கொண்டிருந்தான்.
சத்தம் நின்றதும் அவனுக்குப் புரிந்துவிட்டது.
"அறுத்துத் தொலைங்கடா!
என் காலையே அறுத்தாங்க,
அது பலகைதானே!"

வெர்லின் சுண்ணாம்புக் கோடு போட்டான்.
அழித்தான். மறுபடி போட்டான்.
சிவப்புத் துணிமேல் ரம்பம் ஏறியபோது
லவான் வெளியே போய்
வாசல் பனியை வழித்தாள்,
ஏற்கெனவே வழித்த பனியை.

வெள்ளிக்கிழமை.
இரண்டு பாதி, நடுவே நீளக் கீல்,
மேலே ஒட்டியும் ஒட்டாத ஒரு தையல்.
முதல் ஆட்டத்திலேயே
கர்ட்டிஸுக்குப் போன சீட்டு
அந்தக் கோட்டில் தடுக்கி மல்லாந்தது:
ஸ்பேடு ராஜா.
செல்லும் என்றான் ஒருவன், செல்லாது என்றாள் பெர்னடீன்,
கோட்டுக்கு அந்தப்பக்கம் வேறு நாடா என்றான் கர்ட்டிஸ்.
சண்டை ஓய்வதற்குள்
நார்பர்ட் ஒரு ஜோடிகூட இல்லாத கையை வைத்துக்கொண்டு
அசையாத முகத்தோடு
பதினோரு டாலரை இழுத்துக்கொண்டான்.

எல்லாரும் போனபின்
கோட்டு மாட்டிக்கொண்டு நான் திரும்பிப் பார்த்தேன்.
வெர்லின் படிக்கட்டின் வாயில் நின்று
நிலையை அளந்துகொண்டிருந்தான்.
அளந்து, பென்சிலை எச்சில் தொட்டு,
எண்ணை மரத்திலேயே எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டான்.